வெளியே வந்த பிள்ளைக்கு வேலை

(கிள்ளானில் நம் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்களும் படிக்க இங்கே தருகிறோம்.)



வேலை முடிந்து களைப்போடு வந்திருக்கிறீர்கள். சிலர் இங்கிருந்தே நைட் ஷிப்டுக்குப் போக வேண்டும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிறைக்குப் போய் வந்த நம் பிள்ளைகள் வேலைக்குப் போவது எப்படி? அதுதான் இன்றையப் பேச்சு.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஷா ஆலாம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சில ஆண்டுகள் சூப்பர்வைசராக இருந்தேன். ஆள் எடுக்கும்போது பாரங்களைப் படித்துப் பிரித்து மேலே அனுப்புவது என் வேலை. "நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தண்டிக்கப்பட்டது உண்டா?" என்று மலாயில் ஒரு கேள்வி அதில் இருக்கும். ஒரு நாள் 24 வயதுப் பையன் ஒருவன் "ஆம்" என்று எழுதியிருந்தான். பக்கத்திலேயே காரணத்தையும் எழுதியிருந்தான்: மோட்டார் சைக்கிள் திருட்டு, எட்டு மாதச் சிறை. நம் தாமான் பையன்தான்.

அந்தப் பாரத்தை நான் மேலே அனுப்பவில்லை. மேனேஜர் தடுக்கவில்லை, அவர் அதைப் பார்க்கவே இல்லை. தடுத்தவன் நான்தான். "நம்ம ஆளைச் சேர்த்து நாளைக்கு ஏதாவது நடந்தால் நம்ம பேர் கெட்டுவிடும்" என்ற பயம். சில மாதம் கழித்துக் கோயிலில் அவன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அந்தப் பாரத்த கிழிச்சிட்டீங்களா, இல்ல இன்னும் வச்சிருக்கீங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் அவன் இரண்டாம் முறை உள்ளே போயிருந்தான். அவன் செய்த குற்றம் அவனுடையதுதான். ஆனால் உண்மையை எழுதியவனுக்கு நான் கொடுத்த பதில் என்ன? அதை நினைத்துத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, 80களிலும் 90களிலும் நம் மக்கள் பட்டணத்துக்கு வந்து சேர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். வீடு போனது, வேலை போனது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்கம் பக்கமும் போனது. குண்டர் கும்பல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. இதைச் சொல்வது குற்றத்துக்குச் சாக்குச் சொல்ல அல்ல. வேலையும் மரியாதையும் இல்லாத பையனுக்கு முதலில் கை நீட்டுவது யார் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, வீட்டில் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை.

1. கைது வேறு, தண்டனை வேறு

பாலாயில் இரண்டு நாள் வைத்திருந்தாலே "என் மகனுக்கு ரெக்கார்ட் விழுந்துவிட்டது" என்று அழும் தாய்மார்கள் இருக்கிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் அனுமதியோடு ஒருவரை விசாரணைக்காகத் தடுத்து வைக்கலாம். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றம் என்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றம் என்றால் 7 நாள், பிறகு 7 நாள். இது விசாரணைதான், தண்டனை அல்ல. வேலைப் பாரத்தில் "தண்டிக்கப்பட்டது உண்டா" என்று கேட்டால், லாக்கப்பில் இருந்து வழக்கே இல்லாமல் வெளியே வந்தவன் "இல்லை" என்று எழுதலாம். அது பொய் ஆகாது. ஆனால் சில பாரங்களில் "கைது செய்யப்பட்டது உண்டா" என்றே கேட்பார்கள். எனவே கேள்வியை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தில் விசாரணையின்றி சிம்பாங் ரெங்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களும் இதில் அடங்குவர். அந்தச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டது. பிறகு 1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, விசாரணையின்றி அடைக்கும் அதிகாரத்தை மறுபடி கொண்டு வந்தார்கள். அதில் பிடிபட்டவர்களை எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை.

2. "ஒத்துக்கொள், சீக்கிரம் முடிந்துவிடும்" என்பவரை நம்பாதீர்கள்

அபராதம் கட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்று யாரோ சொல்வார்கள். பையனும் குற்றத்தை ஒப்புக்கொள்வான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடம் இருபது ஆண்டுகளுக்கு அவன் பின்னாலேயே வரும்.

சிறு குற்றம், முதல் தடவை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வயது, நன்னடத்தை, உடல்நிலை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, தண்டனையைப் பதிவு செய்யாமலேயே நீதிமன்றம் எச்சரித்து விடலாம், அல்லது நன்னடத்தைப் பிணையில் விடலாம். பெரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. பிணையை மீறினால் பழைய வழக்கு திரும்பி வரும். ஆனாலும் கேட்காதவனுக்கு யார் கொடுப்பார்? "173ஏ கேட்க முடியுமா?" என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இந்த எண்ணை இன்றைக்கே கையில் எழுதிக்கொண்டு போங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையா? தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இயங்குகிறது. கைது, ரிமாண்ட், ஜாமீன், வழக்கு எல்லாவற்றிலும் வசதி குறைந்தவர்களுக்கு உதவுகிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. பையன் பிடிபட்ட அன்றே கேளுங்கள், தீர்ப்பு நாள் வரை காத்திருக்காதீர்கள்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பொருந்தும். சிறார் நீதிமன்றம் விசாரித்த பிள்ளையைப் பற்றிப் பேசும்போது "குற்றத்தீர்ப்பு", "தண்டனை" என்ற சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஹென்றி கர்னி பள்ளிக்குப் போய் வந்த பிள்ளையை "ஜெயிலுக்குப் போனவன்" என்று முதலில் கூப்பிடுவது பல நேரங்களில் அவன் சொந்த மாமாதான்!

3. வெளியே வரும் முன்பே தயாராகுங்கள்

காஜாங்கிலோ சுங்கை பூலோவிலோ பிள்ளையைப் பார்க்கப் போகும்போது கோபத்தை மட்டும் சுமந்து போகாதீர்கள். உள்ளே என்ன பயிற்சி எடுத்தான் என்று கேளுங்கள். சிறையில் தொழிற்பயிற்சி உண்டு, சான்றிதழும் உண்டு. அதை வாங்கி வரச் சொல்லுங்கள். அடையாள அட்டை எங்கே என்று தேடி வையுங்கள். வாகன லைசன்ஸ் மூன்று ஆண்டுக்கு மேல் புதுப்பிக்காமல் கிடந்தால் செல்லாமல் போகும், மறுபடி தேர்வு எழுத வேண்டும். அவன் உள்ளே இருக்கும்போதே புதுப்பிக்க வழி உண்டா என்று ஜே.பி.ஜே.யில் விசாரியுங்கள்.

2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டில் பரோல் முறை இருக்கிறது. பரோலில் வருபவன் அதிகாரியிடம் வந்து காட்ட வேண்டும். போதைப்பொருள் வழக்கில் வந்தவனுக்கு ஏ.ஏ.டி.கே. மேற்பார்வை இரண்டு ஆண்டு இருக்கலாம். இதை முதலாளியிடம் மறைத்துவிட்டு, அந்தந்த நாளில் எம்.சி. போட்டுக்கொண்டிருந்தால் வேலை போய்விடும். எந்தெந்த நாள் போக வேண்டும் என்று அதிகாரியிடம் கடிதம் வாங்கி முன்கூட்டியே காட்டுங்கள்.

4. எந்தக் கதவைத் தட்டுவது?

சில கதவுகள் கடினமானவை. பாதுகாவலர் வேலைக்குப் போலீஸ் சோதனை உண்டு. 2019 முதல் இ-ஹெய்லிங் ஓட்ட பி.எஸ்.வி. லைசன்ஸ் வேண்டும், அதற்கும் குற்றப்பதிவைப் பார்ப்பார்கள். வெளிநாட்டு வேலைக்கு வெளியுறவு அமைச்சின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கப்படலாம். அங்கே போய் ஆறு மாதம் முட்டி மோதி மனம் உடைவதை விட, கைத்தொழில் கதவுகளை முதலில் தட்டலாம்.

கட்டுமானத் தளத்தில் சி.ஐ.டி.பி. அட்டை இருந்தால் நிற்கலாம். வெல்டிங், ஏர்கான், ஒர்க்‌ஷாப், வயரிங் எல்லாம் கைத்திறன் பேசும் இடங்கள். பல ஆண்டு வேலை தெரிந்து கையில் சான்றிதழ் இல்லாதவர்கள், அனுபவத்தைக் காட்டியே மலேசியத் திறன் சான்றிதழ் பெற "பி.பி.டி." என்ற வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையில் கேளுங்கள். பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் பெயரைப் பதியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஜெயில் கேஸ் ஆச்சே, உனக்கு இவ்வளவுதான்" என்று சம்பளத்தைக் குறைத்து, இ.பி.எஃப்., சொக்சோ எதுவும் கட்டாமல் வேலை வாங்கும் தவுக்கேக்கள் இருக்கிறார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. சிறைக்குப் போனவனுக்குத் தனிச் சம்பளம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க அவனுக்கும் உரிமை உண்டு.

5. கேட்டால் என்ன சொல்வது?

கேட்காததை வலியப் போய்ச் சொல்ல வேண்டாம். கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம். பொய் பின்னால் தெரிந்தால், நன்றாக வேலை செய்தாலும் அதையே காரணம் காட்டி நிறுத்துவார்கள். மூன்று வாக்கியம் போதும்: என்ன நடந்தது, எப்போது முடிந்தது, அதற்குப் பிறகு என்ன செய்தேன். "இரண்டாயிரத்துப் பதினெட்டில் தவறு செய்தேன். தண்டனையை முடித்துவிட்டேன். வெல்டிங் படித்தேன், இதோ சான்றிதழ்." அழுகை வேண்டாம், அடுத்தவன் மேல் பழி வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து பத்து முறை சொல்லிப் பழகட்டும். அப்பாவே முதலாளி மாதிரி உட்கார்ந்து கேளுங்கள்.

6. வேலை கொடுப்பவர்களுக்கு

இந்தக் கூட்டத்தில் லோரி வைத்திருப்பவர்கள், ஒர்க்‌ஷாப், கேட்டரிங் நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். முன்னாள் கைதிகளையும் பரோலில் உள்ளவர்களையும் வேலைக்கு வைத்தால், மாதம் 4,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு வருமான வரியில் இரட்டைக் கழிவு என்று 2019 வரி ஆண்டிலிருந்து ஒரு சலுகை வந்தது. பிறகு 2025 வரி ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டது. இந்த ஆண்டுக்கு உண்டா என்று உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

காப்பாரில் எனக்குத் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப் அண்ணன் இப்படி ஒருவனை எடுத்தார். தருமம் என்று எடுக்கவில்லை. மூன்று மாதம் பார்ப்பேன் என்றார், எல்லாருக்கும் உள்ள சம்பளம் கொடுத்தார், முதல் மாதம் கல்லாவில் விடவில்லை. மற்ற ஆட்களிடம் அவன் கதையைப் பரப்பவும் இல்லை. இன்று காலையில் கடையைத் திறக்கும் சாவி அவனிடம்தான் இருக்கிறது.

7. சட்டம் மாற வேண்டும்

பிரிட்டனில் 1974இலேயே பழைய குற்றப்பதிவு சில ஆண்டுகளில் காலாவதியாகும் சட்டம் வந்தது. பக்கத்தில் சிங்கப்பூரில் 2005இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்று மாதத்துக்கு மிகாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மிகாத அபராதம் பெற்றவர், ஐந்து ஆண்டு குற்றமின்றி இருந்தால், தகுதியுள்ள வழக்குகளில் அந்தப் பதிவு காலாவதி ஆகும். பிறகு அவர் "பதிவு இல்லை" என்றே சொல்லலாம்.

நம் நாட்டில் 1969இல் வந்த சட்டத்தின் பெயரைக் கேளுங்கள்: "குற்றவாளிகள், விரும்பத்தகாதவர்கள் பதிவுச் சட்டம்". பெயரிலேயே மனிதனை ஒதுக்கிவிட்டார்கள்! 2023இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் பாகுபாடு பற்றிய 69எஃப் பிரிவு சேர்ந்தது. ஆனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றியது. வாசலில் நிற்கும் வேலை தேடுபவனைப் பற்றியோ, பழைய குற்றப்பதிவைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

1895இல் கட்டிய புடு சிறையை 1996இல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் பேரங்காடி நிற்கிறது. அவ்வளவு பெரிய சிறையே மறைந்துவிட்டது, அதில் மூன்று மாதம் இருந்தவனின் பழி மறையவில்லை. சிறு குற்றங்களின் பதிவு குறிப்பிட்ட ஆண்டுகளில் தானாகவே, கட்டணமின்றி, முடிவுக்கு வர வேண்டும். வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சிக்காரரிடமும் இதைக் கேளுங்கள். இது நம் இனத்துக்கு மட்டும் கேட்பது அல்ல. காஜாங் வாசலில் காத்திருக்கும் மலாய்த் தாயும் சீனத் தாயும் இதே கேள்வியோடுதான் நிற்கிறார்கள்.

சட்டம் மாற நாளாகும். அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். அந்த அம்மா என்னைக் கேட்ட கேள்வியை உங்களிடம் விட்டுச் செல்கிறேன். உங்கள் கடையிலோ, உங்கள் தொழிற்சாலையிலோ, உங்கள் வீட்டிலோ, உண்மையை எழுதிய ஒரு பையனின் பாரம் அடியில் கிடக்கலாம். நாளைக் காலையில் அதை எடுத்து மேலே வையுங்கள்.