காசு தந்ததும் துணிவு தந்ததும்



பல்லாண்டுகளாக நாடகம் சொல்லிக்கொடுப்பவன் நான். புதிதாகச் சேரும் மாணவர்களிடம் "வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். பலர் தலைகுனிவார்கள். அவர்களுக்கு ஓர் அகமதாபாத் குடும்பத்தின் கதையைச் சொல்வேன்.

ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய்க்கு 8 பிள்ளைகள். அவர்களுக்காக வீட்டிலேயே பள்ளி நடந்தது. 1918இல் ஆலைத் தொழிலாளர்கள் 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். முதலாளிகள் பக்கம் அம்பாலால். தொழிலாளர் பக்கம், காந்தியோடு, அவருடைய சொந்த அக்கா அனசூயா! அப்படியும் அக்கா தம்பி உறவு முறியவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான் இயற்பியலாளர் விக்ரம் சாராபாய்.

அவர் மணந்த மிருணாளினி, சென்னையில் பேர்பெற்ற வழக்கறிஞரின் மகள். குடும்பப் பெண்களுக்குச் சதிர் எனப்பட்ட பரதம் ஆகாது என்று ஊர் பேசிய காலத்தில், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆடக் கற்றவர். 1947இல் கணவர் இயற்பியல் ஆய்வகம் தொடங்கினார். 1949இல் மனைவி 'தர்ப்பணா' நடனப்பள்ளியைத் தொடங்கினார். வரதட்சணைச் சாவுகளைக்கூடப் பரதத்தில் ஆடிக் காட்டியவர் அவர்.

அவர்களுடைய பிள்ளைகளைப் பாருங்கள். கார்த்திகேயா 1984இல் சுற்றுச்சூழல் கல்வி மையம் நிறுவினார். மல்லிகா அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை படித்துவிட்டு, பீட்டர் புரூக்கின் மகாபாரத நாடகத்தில் திரௌபதியாக நின்றார்.

காசு இருந்தது, விழுந்தால் தாங்கியது என்பீர்கள். உண்மைதான், அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் காசு மட்டும் போதாது. நான் படித்த காலத்தில் என் அறைத்தோழன் அருமையாக மிருதங்கம் வாசிப்பான். வசதியான வீடு. அப்பாவுக்குப் பயந்து வாத்தியத்தை உறையில் போட்டுக் கட்டிவிட்டான். அந்த வீட்டில் எல்லாம் இருந்தது. பெரியவர் ஒருவர் தனக்குப் பிடித்ததைத் துணிந்து செய்வதைப் பிள்ளைகள் பார்க்கும் வாய்ப்புத்தான் இல்லை. சாராபாய் பிள்ளைகள் தினமும் கண்டது அதைத்தான். பிள்ளைக்கு விட்டுச்செல்லும் சொத்தில் அதுவே பெரியது. வாடகை வீட்டிலிருந்தும் கொடுக்கலாம்.

நாளை உங்கள் மகளோ மாணவனோ ஊருக்குப் புரியாத ஓர் ஆசையோடு வருவார்கள். "இதற்கு என்ன சம்பளம்?" என்று தொடங்காதீர்கள். "யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறாய்?" என்று கேளுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, நீங்கள் இன்றே கேட்கலாம்.