வாவியுள் மறைந்த ஒலி

தம்பிலுவிலிலிருந்து கடலோரப் பெருந்தெருவழியே வடக்கு நோக்கிச் செல்வோர், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, கல்முனை, காத்தான்குடி ஆகிய ஊர்களைக் கடந்து மட்டக்களப்பு நகரின் கல்லடிப் பாலத்தை அடைவர். பாலத்தின்மேல் வண்டிகளின் இரைச்சல் ஓயாது. அதன் கீழே, வாவியின் நீருக்குள், வழிப்போக்கர் செவிக்கு எட்டாத வேறோர் ஒலியும் உண்டு. பாடுமீனின் பாட்டென்று நாம் பெருமையோடு சொல்வது அதனையே. நகரின் நடுவே மறைந்திருக்கும் அவ்வொலியை இடம் இடமாக அளந்து வரைபடமாக்கினால் யாது பயன் என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

அது மறைந்திருப்பதன் காரணம் எளிது. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றரும், நீரில் 1500 மீற்றரும் செல்கிறது. ஆனால் நீரிலிருந்து காற்றுக்கு ஏறுமிடத்தில் பெரும்பகுதி திருப்பப்பட்டு மீண்டும் நீருக்குள்ளேயே சென்றுவிடும். ஆயிரத்தில் ஒரு பங்களவே வெளியேறும். இதனை அனுபவத்தால் அறிந்த நம் வலைஞர், துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியில் காதை வைத்துக் கேட்டனர். நீருக்கும் செவிக்கும் இடையே மரமே பாலமாயிற்று.

இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் தெனன்ற் 1848இல் நிலவிரவொன்றில் தோணியேறி இவ்வொலியைக் கேட்டார். ஓரிடத்தில் அது மிகுந்தது, ஓரிடத்தில் மெலிந்தது, சிறிது தொலைவு சென்றதும் அறவே நின்றது, முன்னைய இடத்துக்கு மீண்டதும் திரும்பவும் கேட்டது. இவற்றை 1859இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். தாளில் கோடு இழுக்காவிடினும், அவர் செய்தது ஒலியின் வரைபடமே அன்றோ? ஒலிப்பவை இடம்பெயராதவை என்று கண்ட அவர், ஊர் வலைஞர் காட்டிய ஊரியே அதற்குக் காரணமாகலாம் எனக் கருதினார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளோ, அவ்வொலியில் இசையைக் கேட்டு, 1947இல் அரங்கேறிய யாழ்நூலில் அதனை நீரரமகளிர் பாடலாக்கினார்.

இடம்பெயராதது மீனாகாது என்று முடிவுகட்டலாமா? கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ குடாவின் கரையிலுள்ள சோசலிட்டோவில், படகுவீடுகளில் வாழ்வோரை இரவு ரீங்காரமொன்று உறங்கவிடாது வருத்திற்று. 1980களில் ஆராய்ந்தபோது, தேரைமீன் குடும்பத்தைச் சேர்ந்த ஆண்மீன்களே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. கல்லடியில் கூடமைத்து, அவ்விடத்தைவிட்டு அகலாமல், காற்றுப்பையை அதிர்வித்துப் பெண்மீனை அவை அழைக்கின்றன. ஆகவே, ஒலி நிலைத்து நிற்பதைமட்டும் கொண்டு ஊரியா, மீனா என்ற வழக்கைத் தீர்த்தல் இயலாது.

தீர்க்கும் வழி இன்று நம் கையில் உண்டு. நீருக்குள் இறக்கும் ஒலிவாங்கிகள் இரண்டை 15 மீற்றர் இடைவெளியில் வைத்தால், ஓர் ஒலி அவற்றை அடையும் நேரங்களிடையே வினாடியின் நூறிலொரு பங்குவரை வேறுபாடு காணலாம். ஒலிவாங்கிகள் பலவாயின், அவ்வேறுபாடுகளைக் கொண்டே ஒலி பிறந்த இடத்தைக் குறித்துவிடலாம். அவ்விடத்தில் வாழ்வது யாதென்று பின்னர் நீருள் இறங்கிப் பார்க்கலாம். மாதம், நிலவு, நீரின் உவர்ப்பு ஆகியவற்றோடு, இயந்திரத் தோணிகளின் ஓசையையும், 2013இல் திறந்த புதிய பாலத்தின் அதிர்வையும் அதே படத்தில் குறித்தல் வேண்டும்.

ஏனெனில், கண்ணால் காணும் குளம் வற்றினால் ஊரே அறியும். செவிக்கு எட்டாத பாட்டு நின்றுபோனால் அறிவார் யார்? மனிதர் எழுப்பும் ஓசை, நீர்வாழ் உயிர் தன் துணையை அழைக்கும் குரலை மூடிவிட வல்லது. இன்று எவ்விடத்தில் எவ்வளவு ஒலிக்கிறது என்று எழுதிவைத்தாலன்றி, நாளை குறைந்ததென்று சொல்ல நம்மிடம் சான்று இராது. மீன் பாடும் தேனாடு என்ற பெயரைச் சொல்லி மகிழும் நாம், அப்பெயருக்கு உரிய உயிரைக் காக்கவும் கடமைப்பட்டவர்கள். அதற்கு முதற்படி, துடுப்பில் காதுவைத்த நம் முன்னோரைப்போல், பொறுமையோடு கேட்டலேயாகும்.