சாவான பாவமும் அற்பப் பாவமும்

புத்தளம் மாவட்டத்தின் மேற்கே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் கடல்நீரேரியுமாக நீண்டு கிடக்கிறது கற்பிட்டிக் குடாநாடு. அங்கே தலவில என்னும் ஊரில் அர்ச்சியசிஷ்ட அன்னம்மாள் ஆலயம் இருக்கிறது. ஆடி மாதத்துப் பெருவிழாவின்போது இலங்கையின் நாற்றிசையிலிருந்தும் யாத்திரிகர் அங்கு வந்து கூடுவர். தமிழரும் சிங்களவரும் மரநிழலில் குடிசை கட்டித் தங்கியிருக்கும் அந்நாட்களில், பாவசங்கீர்த்தனத் தொட்டிகளுக்கு முன்னே நீண்ட வரிசைகள் நிற்பதைக் காணலாம். அவ்வரிசையில் நிற்போர் பலருடைய மனத்திலும் ஓடும் கேள்வி ஒன்றே: "நான் செய்தது பெரிய பாவமா, சிறிய பாவமா? இதனைச் சொல்லாமல் நன்மை வாங்கலாமா, ஆகாதா?"

இக்கேள்விக்குக் கத்தோலிக்க ஞானோபதேசம் தரும் விடையை நேயர்கள் பலர் சிறு பிராயத்திலேயே மனனம் செய்திருப்பார்கள். மனிதன் தானே செய்யும் பாவம் இரு வகைப்படும். ஆத்துமத்திலுள்ள தேவ இஷ்டப்பிரசாதத்தை அழித்து, மனிதனை நித்திய ஆக்கினைக்கு உள்ளாக்குவது சாவான பாவம். அந்த இஷ்டப்பிரசாதத்தை அழியாமல் விட்டு, ஆத்துமத்தைக் காயப்படுத்தி, அன்பைக் குளிரச் செய்வது அற்பப் பாவம். மரணத்துக்கு ஏதுவான பாவமும் உண்டு, அல்லாததும் உண்டு என்று அருளப்பர் தம்முடைய முதலாம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் கூறுவது இப்பாகுபாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 1551இல் திரெந்து பொதுச்சங்கம், சாவான பாவங்களை அவற்றின் வகையும் எண்ணும் குறிப்பிட்டுக் குருவானவரிடம் அறிக்கையிடக் கட்டாயம் உண்டு என்றும், அற்பப் பாவங்களை அறிக்கையிடுவது நன்மையாயினும் கட்டாயமன்று என்றும் தீர்மானித்தது.

தமிழில் வழங்கும் "அற்பம்" என்ற சொல் இங்கே கொஞ்சம் தீமையும் செய்துவிட்டது எனலாம். அற்பம் என்றால் பொருட்படுத்த வேண்டாதது என்று நாம் கொள்கிறோம். லத்தீன் மொழியில் அப்பாவத்துக்கு வழங்கும் பெயரோ மன்னிப்பு என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. எளிதில் மன்னிப்புப் பெறத்தக்கது என்பதே அதன் கருத்து. பொருட்படுத்த வேண்டாதது வேறு, மன்னிக்கத்தக்கது வேறு.

ஒரு பாவம் சாவானதாவதற்கு மூன்று காரியங்கள் ஒருங்கே வேண்டும். செய்த காரியம் கனமானதாயிருக்க வேண்டும். அது கனமானதென்ற முழு அறிவு வேண்டும். அறிந்தும் மனம் முழுதாகச் சம்மதித்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவமாகாது. சொல்வதற்கு எளிதாயிருக்கும் இவ்விதி, வாழ்க்கையிலே கையாளும்போது எத்துணை நுட்பமானதாகிறது என்பதற்குக் கரைவலைத் தொழிலையே எடுத்துக்கொள்வோம்.

விடியற்காலையில் வலை வளைத்துக் கடலில் விடுகிறார்கள். இருபுறமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுத்துக் கரையேற்றுகிறார்கள். பட்ட மீன் விற்றபின், வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு போக, மிகுதி இழுத்தவர்களுக்குப் பகிரப்படும். ஒருவன் யாரும் காணாமல் ஒரு கை மீனை மணலுக்குள் மறைத்துவிடுகிறான். அன்றைய கறிக்கு மட்டுமே அது போதும். களவு களவுதான், ஆயினும் பொருள் சிறிது, ஆகவே பாவமும் அற்பம். அதே மனிதன் அன்றன்றைக்கு ஒரு கை மீனாக ஒரு பருவம் முழுதும் மறைத்தால்? பருவ முடிவில் அவன் எடுத்தது ஓர் ஏழையின் பல நாட் கூலி. அதனை இழந்தவர்களோ தோளுக்குத் தோள் நின்று கயிறு இழுத்தவர்கள்.

அற்பப் பாவங்கள் எத்தனை சேர்ந்தாலும் ஒரு சாவான பாவம் ஆவதில்லை என்பது அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குவினாஸ் காட்டிய நெறி. நூறு முறை சிறு கோபம் கொண்டவன் ஒரு கொலை செய்தவனாகிவிட மாட்டான். ஆனால் களவிலே நிலைமை வேறு. அங்கே திரள்வது பாவங்களின் எண்ணிக்கை அன்று, பிறனுடைய பொருள். அப்பொருள் கனமாகிவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் கனமாகிவிடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலே சில போதகர்கள் இதற்கு மாறாகக் கற்பித்தார்கள். சிறு சிறு களவுகளால் சேர்ந்த பொருள் எவ்வளவு பெரிதாயினும், அதைத் திருப்பிக் கொடுக்கச் சாவான பாவத்தின் பேரில் கட்டாயமில்லை என்றார்கள். 1679இல் பதினோராம் இன்னொசென்சியு பாப்பரசர் அப்போதனையைக் கண்டனம் செய்தார். மணலுக்குள் மீன் மறைப்பவனுக்கு அந்த ஐரோப்பியப் போதகர்களின் பெயர் தெரியாது. ஆனால் அவர்களுடைய நியாயம் அவனுக்கும் நன்றாகத் தெரியும்!

தளர்ச்சி ஒருபுறமிருக்க, மறுபுறத்தில் கடுமையும் இருந்தது. எந்தப் பாவமும் தன் இயல்பில் அற்பமானதன்று, எல்லாமே நித்திய தண்டனைக்குரியவை என்ற கருத்து 1567இல் ஐந்தாம் பியுஸ் பாப்பரசரால் மறுக்கப்பட்டது. சீர்திருத்தச் சபையினரும் இப்பாகுபாட்டை ஏற்கவில்லை. பாவமெல்லாம் சாவுக்குரியதே, விசுவாசிகளுக்கு அது கிருபையினால் மன்னிக்கப்படுகிறது என்பது கல்வீனுடைய கொள்கை. அக்கொள்கையைத் தழுவிய ஒல்லாந்தரே இக்கரையின் ஆட்சியாளராய் வந்தனர் என்பதுதான் இவ்விடத்தில் கருதத்தக்கது.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், கத்தோலிக்கக் குருக்களுக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. கற்பிட்டியில் அவர்கள் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கினர். கோவில்கள் கைமாறின, குருக்கள் நாட்டைவிட்டுப் போக்கப்பட்டனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், ஒரு தலைமுறைக் காலம், பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவர் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்பது 1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இட்ட கட்டளை. இயலாததற்கு எவரும் கட்டுப்பட்டவரல்லர் என்பதால், அதனை நிறைவேற்றாத அம்மக்கள்மேல் குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை காணாததற்கும் அதுவே விடை.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருந்தது. திருமணமும் ஞானஸ்நானமும் ஒல்லாந்தருடைய தேவாலயத் தோம்பிலே பதியப்பட வேண்டியிருந்தன. பதியாத திருமணத்தின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை தடைப்படும். உத்தியோகம் வேண்டுமானாலும் அச்சபையில் சேர வேண்டும். இரவில் செபமாலை சொல்லிவிட்டுப் பகலில் அத்தோம்பிலே பெயர் பதிந்தவன் செய்தது எவ்வகைப் பாவம்? விசுவாசத்தை மறுதலிப்பது கனமான காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தோம்பிலே பெயர் எழுதுவித்ததெல்லாம் மறுதலிப்பு ஆகிவிடாது. நீரும் உரிய வார்த்தைகளும் கொண்டு அளிக்கப்பட்ட ஞானஸ்நானமும் செல்லாததன்று. அச்சத்தினால் செய்த செயலிலே சம்மதம் குறைவுபடுகிறது, எனினும் எல்லா அச்சமும் சம்மதத்தை முற்றாக அழித்துவிடுவதில்லை. உயிருக்கு அஞ்சியவனும் உத்தியோகத்துக்கு ஆசைப்பட்டவனும் ஒரே தோம்பில் பெயர் பதிந்திருக்கலாம். ஆனால் இருவர் செய்ததும் ஒன்றன்று. வேறுபாடு தோம்பில் இல்லை, நெஞ்சில் இருந்தது. இதனை வெளியிலிருந்து பார்த்துத் தீர்க்க முடியாது என்பதனாலேயே, அவரவர் வாயால் சொல்லும் பாவசங்கீர்த்தனம் அவ்வளவு தேவையாயிற்று.

அதற்கு வழியும் பிறந்தது. கோவையிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் புறப்பட்டு, 1687இல் ஏழைக் கூலியாளைப் போல உடையுடுத்து யாழ்ப்பாணப் பகுதிக்கு வந்து சேர்ந்தார். கோவை என்று இங்கே சொன்னது கொங்குநாட்டுக் கோவையன்று, மேற்குக் கரையிலுள்ள கோவா. அங்கே தேடுதல் மிகவே, அவர் தெற்கு நோக்கிப் புத்தளம் வந்தார். கடல்நீரேரியின் மேற்குக் கரையிலே கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை. கிழக்குக் கரையிலே புத்தளம் கண்டியரசனின் ஆணைக்குட்பட்டது. ஓர் ஏரியின் ஒரு கரையில் தடுக்கப்பட்ட பாவமன்னிப்பு, மறுகரையில் கிடைத்தது. பின்னர் அவர் கண்டிக்குச் சென்று அங்கே சிறையும் கண்டு, 1711 ஜனவரி 16இல் உயிர் நீத்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பிலே பிரான்சிஸ் பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டராக அறிவித்தார்.

அடிகளார் வருமுன்னே இறந்துபோனவர்களின் கதி என்ன? இங்கேதான் திருச்சபையின் போதனையில் உத்தம மனஸ்தாபம் என்பதன் பெறுமதி விளங்குகிறது. நரகத்துக்கு அஞ்சி வருந்துவது ஒருவகை. சர்வேசுரன் அளவில்லாத நன்மைச் சுரூபியாயிருக்கிறபடியால், அவருக்குத் துரோகம் செய்தோமே என்று அவர்மேலுள்ள அன்பினால் வருந்துவது உத்தமமானது. வாய்ப்புக் கிடைத்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற தீர்மானத்தோடு கூடிய அவ்வருத்தம், குருவானவர் இல்லாதபோதும் சாவான பாவத்தைப் போக்கும் என்று திரெந்து சங்கத்தின் போதனையிலிருந்து பெறப்படுகிறது.

அடிகளாரும் அவருக்குப் பின் வந்தவர்களும், குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிதாயிருந்த ஊர்களில் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினர். செபம் சொல்லுவிப்பதும், சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் இருந்து மனஸ்தாப மந்திரம் சொல்லிக்கொடுப்பதும் அவர்களுடைய வேலை. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழும் சிங்களமும் கற்றுத் தேர்ந்து, அவர்கள் கையிலே கொடுக்க நூல்கள் எழுதினார். தபசுகாலத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. 1742இல் சிலாபத்துக்குத் தெற்கே போலவத்தையில் அவர் காலமானார். 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினர்.

கடலுக்குப் போகிறவனுக்குத் தொட்டியும் இல்லை, குருவானவரும் இல்லை. இக்கரையின் கத்தோலிக்கக் குடும்பங்களில் இரவுச் செபம் முடியும்போது, விடிந்தால் தோணி தள்ள இருக்கும் தகப்பனும் பாயில் தூங்கி விழும் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லுவது அந்த மனஸ்தாப மந்திரத்தையே.