மாலையில் சரியும் இமை

தைராய்டு என்றதும் எல்லோரும் கழுத்தைத் தடவிப் பார்ப்போம். இன்று கண் இமையையும் கொஞ்சம் கவனிக்கச் சொல்கிறேன்.

நாமக்கல்லிலிருந்து வடக்கே லாரி ஓட்டும் ஒருவர் மனைவியோடு வந்தார். "ராத்திரியானா எதிர்ல வர்ற வண்டி லைட்டு ரெண்டு, நாலாத் தெரியுதுங்க டாக்டர்" என்றார். தைராய்டு அதிகம் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த நோயில் இமை மேலேறி, கண் முறைத்துப் பார்ப்பதுபோல இருக்கும். அவருடைய வலது கண் அப்படித்தான் இருந்தது. இடது இமையோ பாதிக் கருவிழிவரை தொங்கிக் கிடந்தது. "காலைல நல்லாத்தாங்க இருக்குது, பொழுது சாஞ்சாத்தான் இப்படி" என்றார் மனைவி.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தேன். இமை ஏறிவிட்டது! எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. நரம்பு தசைக்கு அனுப்பும் அசிடைல்கோலின், குளிர்ச்சியில் சீக்கிரம் சிதையாது; அதனால்தான் இமைக்குத் தெம்பு வருகிறது. 1934இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் ஃபைசோஸ்டிக்மின் ஊசி போட்டு இப்படித்தான் தொங்கிய இமையைத் தூக்கிக் காட்டினார். இன்று நாம் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் அந்த வழியில் வந்ததே.

நோயின் பெயர் மையஸ்தீனியா கிரேவிஸ். தைராய்டைத் தூண்டிவிடுகிற அதே எதிர்ப்புச் சக்தி, இங்கே நரம்பும் தசையும் சேரும் இடத்தைக் கெடுக்கிறது. 'நரம்புத் தளர்ச்சி' என்று டானிக் வாங்கிக் குடித்துக் காலத்தைக் கடத்தாதீர்கள், தயவுசெய்து.

தைராய்டு நோயும் மையஸ்தீனியாவும் ஒருவருக்கே இருந்தால், இரண்டுக்கும் மருந்து தரும் மருத்துவர்கள் ஒரே மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். தைராய்டு ஏறினாலும் இறங்கினாலும் தசைச் சோர்வு கூடும். படபடப்புக்குத் தரும் ப்ரோப்ரனலாலும் கூட்டலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக்கடையில் சளிக்கு என்று வாங்கும் அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின்கூட ஆபத்தாகலாம். மையஸ்தீனியா உள்ளவர்களுக்கு நெஞ்சில் தைமஸ் சுரப்பியை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

இந்த நோய் இருந்தால், அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் காலைவரை காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள். நம் ஓட்டுநர் இப்போது பைரிடோஸ்டிக்மினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டுக்கொள்கிறார். சோறு சிரமமில்லாமல் இறங்குகிறதாம். உங்கள் வீட்டிலும் பொழுது சாய்ந்தால் இமை சரிகிறவர் இருந்தால், இந்த வாரமே கூட்டிச் செல்வீர்கள் என்று நம்புகிறேன்.