யார் இட்ட எடை?



1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளின் தொடக்கக் கல்விக்காக ‘ஃபாலோ த்ரூ’ என்னும் அரசுத் திட்டம் தொடங்கியது. அதன் தரவுகளை வைத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார் எட்வர்டோ ரோட்ஸ். மொத்தம் 70 பள்ளி மையங்கள். வாசிப்பு, கணக்கு இரண்டோடு மூன்றாவதாக ஒரு பலனும் அங்கே அளக்கப்பட்டிருந்தது: குழந்தையின் தன்மதிப்பு. தாயின் படிப்பு, குடும்பத்தாரின் தொழில், பெற்றோர் பள்ளிக்கு வந்துபோனது, பிள்ளையோடு படிப்பைப் பற்றிப் பேசிய நேரம், ஆசிரியர் எண்ணிக்கை ஆகியவை உள்ளீடுகள்.

தன்மதிப்புக்குச் சந்தையில் விலை இல்லை. கணக்கில் கூடிய மதிப்பெண்ணோடு அதை எந்த விகிதத்தில் சேர்த்துக் கூட்டுவது? அந்த விகிதத்தை முடிவு செய்யும் உரிமை யாருக்கு?

ரோட்ஸும் அவருடைய ஆசிரியர் வில்லியம் கூப்பரும் ஆபிரகாம் சார்ன்ஸும் 1978இல் தந்த விடையை நான் ஓர் அறச்செயலாகவே கருதுகிறேன். ஒவ்வொரு பள்ளியும் தனக்கு மிகச் சாதகமான எடைகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே எடைகளை மற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். எடையிட்ட பலன்களை எடையிட்ட உள்ளீடுகளால் வகுத்து வரும் மதிப்பு அப்போது யாருக்கும் 1ஐத் தாண்டக்கூடாது. தானே தேர்ந்த எடையிலும் ஒரு பள்ளி 1ஐ எட்டவில்லை என்றால், அது அளவுகோலைக் குறைசொல்ல இடமில்லை. எந்தப் பள்ளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பதையும் இந்தக் கணக்கீடே காட்டிவிடும். இதுதான் டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ். 1981இல் வந்த கட்டுரையில் இம்மூவரும் இன்னும் ஒரு படி போனார்கள்: திட்டத்தின் குறை எது, நிர்வாகத்தின் குறை எது என்று பிரித்துப் பார்த்தார்கள்.

முறைக்கு வரம்புகள் உண்டு. எல்லாருமே மோசமாக இருந்தால், அவர்களில் தேறியவருக்கும் 1 கிடைத்துவிடும். கணக்கில் பின்தங்கிய பள்ளி கணக்குக்கு ஏறத்தாழ எடையே இடாமல் தப்பிக்கலாம். அதைத் தடுக்கப் பின்வந்தோர் எடைகளுக்கு எல்லை வகுத்தார்கள்.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2016 முதல் வெளியாகும் உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசை பல்கலைக்கழகங்களுக்கு எடைகளை முன்கூட்டியே வகுத்திருக்கிறது: கற்பித்தலும் வளங்களும் 30, ஆய்வு 30, தேர்ச்சி 20, சமூக உள்ளடக்கம் 10, பிறர் கருத்து 10. இதில் செலவிடும் பணமே மதிப்பெண் ஈட்டித் தருகிறது. ரோட்ஸின் முறைப்படி பார்த்தால் அது உள்ளீடாக இருக்க வேண்டும், அதாவது பலனை எதனோடு ஒப்பிட வேண்டுமோ அது. இங்கே அதுவே சாதனையாக எண்ணப்படுகிறது. குறைந்த பணத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கும் நிறுவனத்தின் திறமை இந்தக் கூட்டலில் தெரியாது.

பிறர் கருத்துக்கான அந்தக் கடைசிப் பத்தும் என்னை உறுத்துகிறது. 1964இல் அலிசன், ஊல் இருவரும் பீர் குடிப்பவர்களிடம் முதலில் லேபிள் இல்லாத புட்டிகளைக் கொடுத்தார்கள். பிராண்டுகளுக்கு இடையே சுவை வேறுபாட்டைப் பொதுவாக அவர்களால் காண முடியவில்லை. லேபிளோடு கொடுத்தபோது மதிப்பீடு உயர்ந்தது. தத்தம் பிராண்டுக்கு மேலும் உயர்ந்தது. பெயர் முதலில் நாக்கில் அமர்ந்துவிடுகிறது. புகழ்பெற்ற கல்லூரிகளைப் பற்றிக் கருத்துச் சொல்வோர் மட்டும் இதற்கு விலக்காக இருக்க முடியுமா?

இங்கே வந்திருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தரவரிசையில் இடம்பெற்ற நிறுவனங்கள் சமர்ப்பித்த தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. செலவையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் உள்ளீடாக வையுங்கள். தேர்ச்சி, வேலைவாய்ப்பு, உயர்கல்விக்குச் சென்றோர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பலனாக வையுங்கள். கருத்துக்கான பத்தை எடுத்துவிட்டு, தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து தொடங்குங்கள்.