விளக்கெண்ணெய் குடித்த எலியும் வில்வக்காயும்



போன மழையில் கீழ்த்தொட்டியில் சாக்கடைத் தண்ணீர் கலந்து, பி பிளாக்கில் ஐந்தாறு வீடுகளில் வயிற்றுப்போக்கு வந்தது நினைவிருக்கும். அப்போது நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது: "வில்வக்காய்க் கஷாயமே போதும், எலியிடம் சோதித்து நிரூபித்துவிட்டார்கள்." அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

எலிகளை இரவு முழுக்கப் பட்டினி போடுவார்கள். காலையில் ஒரு பிரிவுக்கு வெறும் தண்ணீர், இன்னொன்றுக்கு லோபெரமைடு மருந்து, மற்றவற்றுக்கு உடல் எடைக்கேற்ற அளவில் வில்வக்காய்ச் சாரம். சிறிது நேரம் கழித்து எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய். ஆமாம், பாட்டி நம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாரே, அதேதான். அதிலிருந்து வரும் ரிசினோலெயிக் அமிலம் குடலைத் தூண்டிப் பேதியாக்கும். கூண்டுக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து, சில மணி நேரத்தில் எத்தனை முறை ஈரமாகக் கழிகிறது என்று எண்ணுவார்கள். வில்வம் கொடுத்த எலிகளுக்குப் பேதி குறைந்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த எலிக்குப் பேதி எண்ணெயால் வந்தது. நம் பிளாக்கில் வந்தது கிருமியால். மும்பையில் வில்வக்காய்க் கஷாயத்தைக் கிருமிகளோடு சேர்த்துப் பரிசோதித்து 2009இல் வெளியிட்டார்கள். சோதித்த ஆறு பாக்டீரியா வகைகளில் ஒன்றைக்கூட அது கொல்லவில்லை. அவை செல்களில் ஒட்டுவதைக் குறைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் கண்டது, குழந்தையிடம் அல்ல.

இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த லோபெரமைடு குடலின் ஓட்டத்தைத் தடுப்பது. எலிச் சோதனையில் அதற்கு நல்ல மதிப்பெண். சின்னக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. குழந்தையின் உயிரை எடுப்பது உடம்பிலிருந்து போகும் நீரும் உப்பும்தான். தாளில் விழுந்ததை எண்ணினால் அது தெரியாது.

கஷாயம் கொடுக்க ஆசையா, டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். அதற்கு முன் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள், உப்பு அதிகமாகிவிடும். குழந்தை சிறுநீர் கழிக்காவிட்டால், கண் குழிந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

செக்யூரிட்டி அறையில் பத்துப் பொட்டலங்களும் ஒரு லிட்டர் பாட்டிலும் வைத்திருக்கிறோம். எடுப்பவர்கள் நோட்டில் எழுதிவிடுங்கள், திரும்ப வாங்கி வைக்க வேண்டும்.