எல்லைக்கு வெளியே நிற்கும் உழைப்பு



வளரும் நாடுகளில் வட்டார உற்பத்தித்திறனையும் நகர வளர்ச்சியையும் அளப்பது குறித்த இந்தக் கருத்தரங்குக்கு வந்துள்ள கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். மாவட்டங்களையும் நகரங்களையும் திறன்வாரியாக வரிசைப்படுத்தும் கட்டுரைகளே மிகுதி. கணிதம் தேர்ந்த கைகளில் இருக்கிறது. ஆகவே கணக்குப் போடத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடும் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எதை எண்ணுகிறோம், எந்த எல்லைக்குள் எண்ணுகிறோம் என்பதே அது.

1957இல் பொருளியலாளர் ஃபேரல் எழுதிய கட்டுரையில்தான் திறனை அளக்கும் நம் துறை தொடங்குகிறது. அமெரிக்க மாநிலங்களின் வேளாண்மையை எடுத்துக்கொண்டு, நிலம், உழைப்பு, இடுபொருள், மூலதனம் ஆகியவற்றை எந்த மாநிலம் வீணாக்காமல் விளைச்சலாக மாற்றுகிறது என்று பார்த்தார். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் அதை நேரியல் திட்டமிடல் கணக்காக ஆக்கினார்கள். சிறந்து விளங்கும் அலகுகளை ஒரு கோடாக இணைத்து, மற்றவை அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளப்பது இந்த முறை. கோட்டின் மேல் நிற்கும் ஒரு மாவட்டத்தின் புள்ளிவிவரம் பிழையாக இருந்தால், அந்த மாவட்டத்துக்கு ஒரு குறையும் வராது. அதனோடு ஒப்பிடப்படும் பிற மாவட்டங்கள்தாம் தண்டனை பெறும்.

எனவே கோட்டின் மேல் வந்து நிற்கக்கூடிய ஓர் ஊரைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். திருப்பூர்.

அங்கே ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது அரிது. நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, காம்பாக்டிங் முடிந்து கட்டிங்குக்கு வருகிறது. பிறகு தையல், காஜா பட்டன், பிசிறு வெட்டுதல், செக்கிங், அயர்னிங். இவற்றில் பல ஜாப் ஒர்க்காக வேறு வேறு கட்டடங்களில் நடக்கின்றன. பிசிறு வெட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கும் வருகிறது, பெண்கள் பீஸ் கணக்கில் செய்து கொடுக்கிறார்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேரும், பயன்படுத்தாத இடத்தில் 20 பேரும் இருந்தால்தான் அது தொழிற்சாலையாகக் கொள்ளப்பட்டது. நாம் ஆண்டுதோறும் நம்பியிருக்கும் தொழில் ஆய்வறிக்கை இந்தப் பதிவுபெற்ற தொழிற்சாலைகளை வைத்தே தயாராகிறது. ஆறு மிஷின் போட்ட தையல் கூடம் அதில் வராது.

விளைவு என்ன? கூலி குறைவான, கையுழைப்பு மிகுந்த வேலைகளைப் பெரிய கம்பெனி வெளியே கொடுத்துவிடுகிறது. உள்ளே மிஞ்சும் தொழிலாளர் ஒருவருக்கான கூட்டுமதிப்பு உயர்கிறது. ஊரின் உழைப்பில் மேலான பகுதியை மட்டும் அளந்துவிட்டு, அதை ஊரின் உற்பத்தித்திறன் என்று அட்டவணையில் போடுகிறோம். பதிவுபெறாத நிறுவனங்களுக்கு இப்போது தனிக் கணக்கெடுப்பு நடப்பது நல்ல செய்தி. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் ஆய்வுகள்தாம் இன்னும் போதவில்லை.

இன்னொன்று, ஒன்றரை ஷிப்டு. பனியன் கம்பெனிகளில் இது அன்றாடப் பேச்சு. காலையில் வந்தவர் மாலையோடு கிளம்பினால் ஒரு ஷிப்டு, இரவு வரை இருந்தால் ஒன்றரை. உழைப்பைத் தலைக்கணக்கில் எண்ணும் ஆய்வில் ஒன்றரை ஷிப்டு பார்த்தவரும் ஒருவர், ஒரு ஷிப்டு பார்த்தவரும் ஒருவர். ஒரு மணி நேரத்தில் இருவரும் ஒரே அளவு தைத்தாலும், முதலாமவரின் ஊர் ஐம்பது சதவீதம் கூடுதல் திறனுடையதாகத் தோன்றும். களைப்பைத் திறன் என்று பதிவுசெய்கிறோம். இதை நான் சிறிய அளவீட்டுப் பிழையாகக் கருதவில்லை. அந்த எண்ணைப் பார்த்துப் பிற ஊர்களுக்குப் பாடம் சொல்லும் கொள்கைகள் எழுதப்படுகின்றன.

மாவட்ட வருமான மதிப்பீடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல துறைகளுக்கு மாநில மொத்தத்தைத் தொழிலாளர் எண்ணிக்கை போன்ற ஒரு குறியீட்டை வைத்தே மாவட்டங்களுக்குப் பிரிக்கிறார்கள். அங்கே ஒரு தொழிலாளரின் உற்பத்தி எல்லா மாவட்டத்திலும் ஏறத்தாழ ஒன்றே என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டாயிற்று. அந்த எண்ணிலிருந்தே மாவட்டங்களின் உற்பத்தித்திறன் வேறுபாட்டைத் தேடுவது, போட்ட அனுமானத்தையே முடிவாகத் திரும்ப எடுப்பதாகும். இதற்கு மாற்றாக, இரவு விளக்கொளியைச் செயற்கைக்கோள் படங்களில் அளக்கும் முறை ஓரளவு கைகொடுக்கும். ஆனால் 2013 வரையிலான பழைய படங்களில் நகர மையங்களின் ஒளி கருவியின் உச்ச அளவைத் தொட்டு நின்றுவிடுகிறது. மேற்கொண்டு வளர்ந்தது அதில் தெரியாது.

நகர வளர்ச்சிக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பில் திருப்பூர் மாநகராட்சியின் மக்கள்தொகை பழைய எல்லையில் சுமார் 4.44 லட்சம். அதே ஆண்டில் சுற்றியிருந்த நகராட்சிகளும் ஊராட்சிகளும் இணைந்தபின் அது சுமார் 8.77 லட்சம். ஆள் ஒருவர்கூடக் குடிபெயராமல் நகரம் ஏறத்தாழ இரட்டித்தது. சென்னையும் அதே ஆண்டில் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. இந்தியா முழுவதும் கணக்கெடுப்பு நகரங்கள் 2001இல் 1,362ஆக இருந்து 2011இல் 3,894ஆயின. அவை நகரத்துக்குரிய இலக்கணம் இருந்தும் ஊராட்சி நிர்வாகத்திலேயே இருப்பவை. அடுத்த கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. நிலையான எல்லை ஒன்றை வகுத்துக்கொள்ளாத காலவரிசை ஆய்வு, அரசாணையின் தேதியைத்தான் வளர்ச்சி என்று காட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னை உறுத்துவது திருப்பூரின் நொய்யல் ஆறு. சாயக்கழிவு ஆற்றில் ஓடிய ஆண்டுகளில், சாயப்பட்டறைகளின் உற்பத்தி முழுவதும் வரவில் ஏறியது. கீழ்ப்பகுதி உழவரின் கிணறு உப்பேறியது செலவில் ஏறவில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, அந்த அணையால் பயன்பெற வேண்டிய உழவர்களே நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிறகு கழிவை வெளியே விடாத சுத்திகரிப்புக்கு மாறியவை திறந்தன. அதற்கான முதலீடு, மின்சாரம், வேதிப்பொருள், உப்புச் சேறு மேலாண்மை எல்லாம் நம் கணக்கில் இடுபொருள்களாகவே சேர்கின்றன. துணியின் அளவு அதேதான். ஆகவே நம் கருவி என்ன சொல்லும்? ஆற்றைக் கெடுத்தபோது இந்த ஊர் திறனுடையது, ஆற்றை விட்டுவைக்கத் தொடங்கியபோது திறன் குறைந்தது என்று சொல்லும். இப்படிச் சொல்லும் ஒரு கருவியைத் திருத்தாமல் கொள்கை வகுப்போரிடம் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

திருத்த வழியும் இருக்கிறது. சுங், ஃபாரே, கிராஸ்காப் ஆகியோர் 1997இல் சுவீடன் காகித ஆலைகளை ஆராய்ந்தபோது, கழிவையும் ஒரு விளைபொருளாக வைத்து, அதைக் குறைப்பதை முன்னேற்றமாகவே எண்ணிக் காட்டினார்கள். நம் ஊர் நெசவு, தோல், சாயத் தொழில்களைவிட அந்த முறைக்குப் பொருத்தமான இடம் வேறு எங்கே? தேவைப்படுவது ஆற்றுநீரின், கிணற்றுநீரின் உப்பளவு விவரங்கள். பொருளாதாரத் துறை மாணவர்கள் அவற்றைத் தேடி நீர்வளத் துறை அலுவலகங்களுக்கும் கிராமங்களுக்கும் போக வேண்டும்.

இந்த அரங்கில் தரவரிசை அட்டவணையோடு வருவோரிடம் ஒரு வேண்டுகோள். உழைப்பை ஒருமுறை தலைக்கணக்கிலும் ஒருமுறை மணிக்கணக்கிலும் வைத்துக் கணக்கிட்டு, இரண்டு வரிசைகளையும் அருகருகே காட்டுங்கள். மேலிருந்து கீழே இறங்கும் மாவட்டம் எது, ஏன் இறங்குகிறது என்பதை விவாதிக்கவே மதிய அமர்வில் நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் அமர்வு ஜவுளித் தொழில் நகரங்களைப் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.